சீட்டுக்காசில் ஒரு கேமிங் லப்டொப்

"ஆர்ட்ஸ் படிக்கிற உனக்கு ஏன் கேமிங் லப்டொப்?" என்று எல்லாரும் கேக்கினம். விளையாடத்தான். அதைச் சொல்ல என்ன வெட்கம்? ஆனால் அது அம்மாவின் சீட்டுக்காசு, ஒருக்காத்தான் வாங்கலாம். அதனால் ஸ்டிக்கரில் இருக்கிற பெயரை மட்டும் நான் நம்பேல்லை.

ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் 35 வொட்டில் ஓடுறதும் வரும், 115 வொட்டில் ஓடுறதும் வரும். வொட் குறைஞ்சால் பாரமான கேம்கள் இழுபடும். வாங்க முதல் அந்த மொடலின் வொட்டைத் தேடிப் பாருங்கோ. 8 ஜிபி றாம்தான் இருக்கென்றால், இன்னொன்று போட இடமிருக்கா என்று கேளுங்கோ. றாமைப் பிறகு கூட்டலாம். போர்ட்டோடு ஒட்டின கிராபிக்ஸ் சிப்பை மாற்றேலாது.

கையில் காசு குறைவென்றால், பிறகு மாற்றேலாததுக்குத்தான் முதல் காசு.