தட்டைப் படிக்கத் தட்டிலேயே நிரல்

பெங்களூரு ஆய்வகம் ஒன்றில் சர்வர் நிறுவும் பொறுப்பு ஓர் ஆய்வு மாணவரிடம் வந்து சேர்கிறது. நான்கு வன்தட்டுகளையும் ரெய்டு அட்டையில் பொருத்தி, இயங்குதளத்தையும் நிறுவி முடிக்கிறார். மறுதொடக்கத்தில், துவக்கச் சாதனம் இல்லை என்கிறது திரை. தட்டுகளில் பழுதில்லை, அவை கணினியின் பார்வைக்கு வரவில்லை, அவ்வளவே.

மலிவான பல தட்டுகளை ஒன்றாகப் பிணைத்து, ஒன்று பழுதானாலும் தரவைக் காக்கும் ரெய்டு முறையை 1988இல் பெர்க்லியின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் ஒரு கட்டுரையில் முன்வைத்தனர். கணினி காணும் அந்த 'ஒரே தட்டு' அட்டை உருவாக்கிக் காட்டும் தோற்றமே. அதைக் காண டிரைவர் வேண்டும். டிரைவரோ அதே தட்டினுள் இருக்கிறது. ஒரு சொல்லின் பொருளறிய அகராதியைத் திறப்பவர், அதன் பிற சொற்களை முன்பே அறிந்திருக்க வேண்டுமல்லவா? அத்தகைய வட்டம் இது. வெளியிலிருந்துதான் அதை உடைக்க இயலும்.

உடைப்பது, அட்டையிலேயே பதிந்துள்ள ஆப்ஷன் ரோம் என்னும் சிறு நிரல். பயாஸ் அமைப்பில் அதை இயங்கவிட்டு, அட்டையின் மெனுவில் மெய்நிகர்த் தட்டைத் துவக்கத் தட்டாகக் குறித்து, துவக்க வரிசையில் முதலிடம் தர வேண்டும். யூஈஎஃப்ஐ முறையில் நிறுவியதை அம்முறையிலேயே துவக்க வேண்டும். பழைய எம்பிஆர் பகுப்பு ஏறத்தாழ 2 டெராபைட்டைத் தாண்டாது. ஆகவே சிறிய இரு தட்டுகளை ரெய்டு 1 ஆக்கி இயங்குதளத்தை அதிலும், தரவை வேறோர் அணியிலும் வைப்பது நன்று.

பயாஸ், ரெய்டு அட்டை இரண்டையும் ஒரே நிறுவனம் செய்த காலமும் உண்டு. 1985இல் சுப்பிரமணியன் சங்கரும் பேட் சர்மாவும் அமெரிக்காவில் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் அது. அதன் மெகாரெய்டு பிரிவு 2001இல் எல்எஸ்ஐயிடமும், 2014இல் அவாகோவிடமும் சென்று, இன்று பெங்களூரிலும் பொறியாளர்களைக் கொண்ட பிராட்காமிடம் உள்ளது. இவ்வரலாறு வெறும் சுவைக்கானதன்று. அட்டை பழுதானால், அதன் வழிவந்த மற்றோர் அட்டையே பெரும்பாலும் அத்தட்டுகளைப் படிக்கும்.

ரெய்டு தட்டின் சாவைத் தாங்கும். தவறுதலான அழிப்பைத் தாங்காது. களப்பணியில் பதிவான மூதாட்டியின் குரல் அவர் மறைந்தபின் மீண்டும் கிடைக்காது. சர்வர் செவ்வனே துவங்கிய அன்றே, அக்குரலின் இன்னொரு படி வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும்.