முடிச்சை அவிழ்த்தவர்கள்

எங்கம்மா பட்ஜெட் போடுவது முந்தானையில்தான். நடவுக்கூலி வந்ததும் மூணு முடிச்சுப் போடும். ஒண்ணு அரிசிக்கு, ஒண்ணு வட்டிக்கு, ஒண்ணு என் படிப்புக்கு. ஒருதரம் அப்பா என் முடிச்சில் கை வைத்தபோது அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "எதுக்குன்னு முடிஞ்சு வெச்சமோ அதுக்குத்தான்யா அவுக்கணும்."

இந்திய அரசும் நமக்கென்று ஒரு முடிச்சுப் போட்டது. 1979இல் தொடங்கிய சிறப்பு உட்கூறுத் திட்டம். மக்கள்தொகையில் தலித்துகள் எத்தனை சதவீதமோ, திட்டச் செலவில் அத்தனை சதவீதம் அவர்களுக்கு. வேறு எதற்கும் மாற்றக்கூடாது. 2011 கணக்கெடுப்பின்படி நாம் 16.6 சதவீதம். வரவு செலவு அறிக்கையில் இந்தப் பணத்துக்குத் தனிக் குறியீட்டு எண்ணே உண்டு: 789. சூத்திரங்களை எண்ணோடு மனப்பாடம் செய்து எம்.ஏ. தமிழ் முடித்த எனக்கு இந்த எண் தெரியாது. இயக்கத் தோழர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

2010இல் நான் பி.ஏ. மாணவி. ஸ்காலர்ஷிப் வரவில்லை. பாக்கி கட்டாமல் ஹால் டிக்கெட் கிடையாது என்றார்கள். அம்மா என் முடிச்சை அவிழ்த்தது. போதவில்லை. கம்மலும் போனது. அதே வருஷம்தான் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டு. தில்லி அரசு உட்கூறு நிதியில் பலநூறு கோடியை அந்த வேலைகளுக்குத் திருப்பிவிட்டது. அது தில்லி தலித்துகளின் பணம். என் ஸ்காலர்ஷிப் அதில் இல்லை. ஆனால் முடிச்சு ஒன்றுதான். பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். கேட்டதால் ஒப்புக்கொண்டார்.

இப்போது திருட்டு கண்ணுக்கே தெரிவதில்லை. 2017-18 பட்ஜெட்டிலிருந்து திட்டச் செலவு, திட்டமல்லாச் செலவு என்ற பிரிவே போய்விட்டது. எதில் 16.6 சதவீதம் என்று கணக்குப் பார்ப்பது? உர மானியத்தில் ஒரு பங்கையும் நம் கணக்கில் எழுதுகிறார்கள். காணி நிலமில்லாத எங்கம்மா பெயரில் உரம்!

இதைக் கேட்க வேண்டிய இடம் பட்ஜெட் விவாதம். 2023 மார்ச் 23 அன்று மக்களவையில் என்ன நடந்தது? இரண்டு பக்கமும் கூச்சல். சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேறின. இந்த முறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கில்லட்டின். தலையை வெட்டும் எந்திரத்தின் பெயர். 2018லும் இப்படித்தான் நடந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "நம்ம ஆளுங்க அங்க யாரும் இல்லியா பாப்பா?"

இருக்கிறார்கள். தனித்தொகுதி உறுப்பினர்கள் மட்டும் 84 பேர். ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுப்பது நாம் மட்டுமல்ல. அவர்கள் வாயைத் திறப்பதும் மூடுவதும் கட்சிக் கொறடா கையில். புனா ஒப்பந்தத்தில் 1932இல் நாம் இழந்தது என்னவென்று பட்ஜெட் நாளில்தான் எனக்கு நன்றாக உறைக்கிறது.

இந்த நிதியைக் காக்க ஆந்திரம் 2013இல் சட்டம் போட்டது. தமிழ்நாடு 2024இல்தான் போட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் இல்லை. தோழர்களே, அடுத்தமுறை ஓட்டுக் கேட்டுத் தெருவுக்குள் வருகிறவரிடம் ரோடு கேட்பதற்கு முன்னால் 789 என்றால் என்னவென்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். எங்கம்மா போட்டதுபோல் ஒரு சத்தம் போடாமல் அந்த முடிச்சு நம் கைக்கு வராது.