மேலிலையும் நாவும்

சுருட்டின் எடையில் மேலிலை சிறு பகுதியேயாயினும், சுவையில் அதற்குரிய பங்கு பெரிது. சுருட்டுப் புகைத்தலிற் புதியோர் நிறத்தைக் கொண்டே காரத்தை மதிப்பிடுவர். இளநிறம் மென்மையென்றும் கருநிறம் கடுமையென்றும் எண்ணுவர். ஆதலின் அவர்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது அமெரிக்காவின் கனெற்றிக்கட் இலையையே. சுமாத்திராவின் மெல்லிய இலையோடு போட்டியிடும்பொருட்டு, 1900ஆம் ஆண்டளவில் துணிப்பந்தரின் நிழலிலே வளர்க்கத் தொடங்கிய இலை அது. நாப் பழகப் பழக, 'மதூரோ' எனப்படும் கரிய இலைக்கு வருவர். ஆங்கு அஞ்சிய கடுமைக்கு மாறாக ஓர் இனிமையே பலகாலும் புலப்படும். நீண்ட நொதித்தலே அந்நிறத்தையும் அவ்வினிமையையும் தருகின்றது. நிறம் வேறு, காரம் வேறு என்பதை நா அப்பொழுதே தெளிகின்றது.

ஆயின் நாவுக்கு எட்டாதனவும் உள. சுமாத்திராவின் டெலிப் பகுதித் தோட்டங்களிலே சீனரும் யாவா மக்களும் தமிழரும் கூலிகளாய் உழைத்தனர். 1880ஆம் ஆண்டில் ஒல்லாந்த ஆட்சியாளர் இயற்றிய கூலிச் சட்டம், ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளரைத் தண்டனைக்கு உள்ளாக்கியது. அவர்தம் துயரம் எந்த இலையின் சுவையிலும் தெரிவதில்லை. புகையிலை அந்நாவிலேயே புற்றுநோயை விளைக்கக்கூடும் என்பதையும் சுவை உணர்த்துவதில்லை. நுண்சுவை தேர்வோர் இவ்விரண்டையும் நாவின் துணையின்றியே அறிந்துகொள்ளல் வேண்டும்.