பல்லைப் பிடிச்சுப் பாருங்க, அப்புறம் இறங்குங்க!

எட்டயபுரத்தில் கடல் கிடையாது. ஆறும் கிடையாது. மழை பெய்தால் கரிசல் மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். பெய்யாவிட்டால் கால் நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கும். இப்பேர்ப்பட்ட ஊர்க்காரனுக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் பக்கத்து ஒட்டப்பிடாரத்துக்காரர் ஒருத்தர் 1906-ல் கப்பல் கம்பெனியே ஆரம்பித்து, வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார். வ.உ.சி. பேரைச் சொல்லிக்கொண்டு நாங்களும் கொஞ்சம் கப்பல் பேசலாம், தப்பில்லை.

பேச வேண்டிய அவசியமும் வந்துவிட்டது. எங்கள் கோவில்பட்டி ஆபீஸில் ஒரு தம்பி. அக்காவும் அத்தானும் அமெரிக்காவில். "அண்ணாச்சி, மியாமியிலேர்ந்து கரீபியன் கப்பல்ல கூட்டிட்டுப் போறாங்களாம். ஏழு நாள்! ஒவ்வொரு ஊர்லயும் இறங்கி எங்க போகணும்னு நாமளே டிக் பண்ணணுமாம்" என்று ஒரு பெரிய லிஸ்ட்டை நீட்டினான். அருவி ஏறுதல், கடலுக்கடியில் மீன் பார்த்தல், கயிற்றில் தொங்கி மரத்துக்கு மரம் பறத்தல் (இதற்குக் காசு வேறு). அக்கவுண்ட்ஸில் இன்னும் ரெண்டு பேருக்குச் சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பலில் போகிற ஆசை. 2023 ஜூனில் 'எம்ப்ரஸ்' என்கிற சொகுசுக் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று ஒரு சுற்று போய் வந்தது அல்லவா, அதிலிருந்து பிடித்த ஆசை. அந்தக் கப்பலே 1990-ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கரீபியனில் ஓட ஆரம்பித்ததுதான். ஆக, நாம் கரீபியனுக்குப் போகாவிட்டாலும் கரீபியன் கப்பல் நம்மைத் தேடி வந்துவிட்டது.

விஷயம் சிம்பிள். கப்பல் காலையில் ஒரு துறைமுகத்தில் நிற்கும், சாயங்காலம் கிளம்பிவிடும். நடுவில் கிடைக்கிற ஏழெட்டு மணி நேரத்தில் ஊர் சுற்ற வேண்டும். நம்ம ஊர் சுற்றுலா வேன் மாதிரிதான். என்ன வித்தியாசம் என்றால், வேன் கிளீனர் தலையை எண்ணிப் பார்த்து, "ஒரு ஆள் குறையுது" என்று கத்துவார். சங்குக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருக்கும் அந்த ஒரு ஆளுக்காக அரை மணி நேரம் வேன் நிற்கும். கப்பல் நிற்காது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? எங்கள் எட்டயபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை பிரசித்தம். அங்கே எவ்வளவு பெரிய வியாபாரி வந்து சத்தியம் செய்தாலும், வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் ஆடு வாங்க மாட்டார்கள். ரெண்டு பல், நாலு பல் என்று அதில்தான் வயசுக் கணக்கு. விற்கிறவரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆட்டுக்கே அந்த மரியாதை என்றால், நம் உயிரை ஏற்றி அனுப்புகிற படகுக்கும் பஸ்ஸுக்கும் பல் பார்க்க வேண்டாமா? நாலு பல் போதும்.

முதல் பல்: யார் காத்திருப்பார்கள்?

கப்பல் கம்பெனியே விற்கிற உலாவில் போனால், பஸ் பஞ்சராகி லேட்டானாலும் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். வெளியே நாமே பிடித்துக்கொண்ட உலா என்றால் காத்திருக்க அவர்களுக்குக் கடமை இல்லை. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்கா பக்கம் சாவோ டோமே தீவில் இப்படித்தான் தனியார் உலா போன எட்டுப் பேர் லேட்டாக வந்தார்கள். கப்பல் இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் நின்றது. கடலோரக் காவல் படகு ஏற்றிக்கொண்டு கிட்டேயே போனது. ஏற விடவில்லை! அப்புறம் நாடு நாடாக விமானமும் வேனும் மாறி, செனகலில் போய்த்தான் கப்பலைப் பிடித்தார்கள்.

கடிகாரத்திலும் ஒரு கண்ணி உண்டு. மெக்சிகோவின் கோஸுமேல் தீவில் கோடைகாலத்தில் மியாமியைவிட மணி ஒன்று குறைவு. கப்பல் மியாமி நேரத்தையே வைத்திருந்தால், கரையில் நாலு மணி என்பது கப்பலில் அஞ்சு மணி. செல்போன் நம்மைக் கேட்காமலே ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். நாம் ஜம்மென்று இளநீர் குடித்துக்கொண்டிருக்க, கப்பல் சங்கு ஊதிவிடும். கையில் பழைய கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்குக் கட்டிக்கொள்வது உத்தமம். இலங்கைக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் மணிதான் அவர்கள் மணியும்.

இரண்டாம் பல்: விற்கிறவர் வேறு, நடத்துகிறவர் வேறு!

கப்பலில் விற்றால் பத்திரம் என்று நினைக்கிறோம். கப்பல் நமக்காகக் காத்திருக்கும், அதுவரை சரி. ஆனால் படகையும் பஸ்ஸையும் ஓட்டுவது பெரும்பாலும் உள்ளூர் கான்ட்ராக்டர். 2019 டிசம்பர் 9-ம் தேதி நியூசிலாந்தின் வெள்ளைத் தீவில் எரிமலை வெடித்தபோது தீவில் இருந்தவர்கள் 47 பேர். அதில் 38 பேர் ஒரே சொகுசுக் கப்பலிலிருந்து உலா வந்தவர்கள். மொத்தம் 22 பேர் இறந்தார்கள். வெடிப்பதற்கு மூன்று வாரம் முன்னாலேயே விஞ்ஞானிகள் அந்த எரிமலையின் எச்சரிக்கை எண்ணை ஒன்றிலிருந்து இரண்டுக்கு உயர்த்தியிருந்தார்கள். உலா நிற்கவில்லை. ஆகவே டிக்கெட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. நடத்துகிறவர் யார், இன்றைக்கு ஏதாவது எச்சரிக்கை உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

மூன்றாம் பல்: தண்ணீர்!

கரிசல் காட்டுப் பையன்கள் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதிக்கிற வீரர்கள். அதனாலேயே கடலைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். கிணற்றுக்கு நாலு பக்கமும் சுவர் உண்டு, சார். தண்ணீர் நம்மை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாது. கடல் கூட்டிக்கொண்டு போகும். அலை வந்து கரையில் மோதிய தண்ணீர் ஏதோ ஒரு வாய்க்கால் வழியாகக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அந்த ஓட்டத்தில் மாட்டிக்கொண்டு, கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டால் களைத்துப் போவோம். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். இதில் கவுரவம் பார்க்கக் கூடாது.

படகு என்றால் மூன்று கேள்வி. எத்தனை பேருக்கு அனுமதி? எத்தனை பேர் ஏறியிருக்கிறோம்? ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் போனார்கள். அது கேரள அரசு சுற்றுலாக் கழகத்தின் படகு. 2023 மே 7-ல் தானூரில் இருட்டுகிற நேரத்தில் கிளம்பிய படகு கவிழ்ந்து 22 பேர். மீன்பிடி படகை மாற்றிக் கட்டியது, அளவுக்கு மேல் ஆட்கள். இறந்தவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள்.

அருவி என்றால் நமக்குக் குற்றாலமே வாத்தியார். 2024 மே 17-ல் பழைய அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து பதினேழு வயசுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. கீழே சாரல்கூட இருக்காது. மேலே மலையில் கொட்டியிருக்கும். ஜமைக்காவில் டன்ஸ் ரிவர் அருவியில் கைகோத்துச் சங்கிலியாகப் படிப்படியாகப் பாறை மேல் ஏற்றிவிடுகிறார்கள். ஏறலாம், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வழுக்காத ரப்பர் செருப்பு வேண்டும், மேலே மழை இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் கைகோக்கிறவர் பீர் அடிக்காதவராக இருந்தால் விசேஷம்.

நாலாம் பல்: ரோடு!

கப்பல் பயணம் என்றதும் எல்லோரும் கடலுக்குத்தான் பயப்படுகிறார்கள். 2017 டிசம்பர் 19-ல் மெக்சிகோவில் கப்பல் பயணிகளை மாயன் காலத்து இடிபாடுகளைப் பார்க்கக் கூட்டிப் போன பஸ் கவிழ்ந்து 12 பேர் இறந்தார்கள். கடலில் பத்திரமாக வந்துவிட்டு, ரோட்டில்! தூரத்து உலாவுக்குப் போகும் முன் சீட் பெல்ட் இருக்கிறதா, டயர் மொட்டையா, டிரைவர் கண் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். மதுரை-தூத்துக்குடி நாலு வழிச் சாலையில் விடியற்காலை வேனில் போனவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடவே, எடுத்திருக்கும் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பாராசூட்டில் பறப்பது, கடலுக்குள் முங்குவது எல்லாம் சேர்த்தியா என்றும் பார்த்துவிடுங்கள். பல பாலிசிகளில் இதெல்லாம் சேர்த்தி இல்லை.

சரி அண்ணாச்சி, கேள்வி நாலுதானே, கேட்டுட்டாப் போச்சு என்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

சில வருஷம் முன்னால் ஆபீஸ் ஆட்கள் பதினாலு பேர் கேரளா பக்கம் ஒரு காயலுக்குப் போயிருந்தோம். சாயங்காலம். படகுக்காரர், "இருட்டுறதுக்குள்ள வந்துரலாம் சார், ஏறுங்க" என்றார். லைஃப் ஜாக்கெட் கேட்டபோது ஒரு சாக்குமூட்டையைக் காட்டினார். உள்ளே ஆறு இருந்தது. எங்கள் கூட்டத்தில் எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்து நண்பர் ஒருத்தர். பத்து வயசிலேயே அறுபதடிக் கிணற்றில் குதித்தவர். அவர்தான் கேட்டார். "ஆறு இருக்கு. நாங்க பதினாலு பேரு. மிச்சம் எட்டுப் பேருக்கு?"

படகுக்காரர் பதில் சொல்லவில்லை. நம்மவர்கள் சொன்னார்கள். "ஏலே, கிணத்துல குதிச்ச ஆளு, முட்டளவு தண்ணிக்குப் பயந்துட்டியே!" "மதினிக்குப் போன் போடுங்கப்பா, பத்திரமா வந்து கூட்டிட்டுப் போகட்டும்." அவர் சிரித்துக்கொண்டே ஏற மாட்டேன் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானும் இன்னும் மூணு பேரும் அவரோடு உட்கார்ந்தோம். மற்ற ஒன்பது பேர் போனார்கள். முக்கால் மணி நேரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு முழுசாகத் திரும்பி வந்தார்கள். ஒண்ணும் நடக்கவில்லை. கோவில்பட்டி வருகிற வரைக்கும் வேனில் நண்பர்தான் அவல்.

எனக்கு அன்றைக்கு உறைத்தது இதுதான். போனவன் பத்திரமாக வந்தால், 'பார்த்தியா, ஒண்ணும் ஆகலை' என்று அவனுக்குச் சாட்சி கிடைக்கிறது. ஏறாமல் நின்றவனுக்குச் சாட்சியே கிடையாது. வராத ஆபத்தை எடுத்துக் காட்ட முடியுமா? கிண்டல் மட்டும்தான் மிஞ்சும். தானூர் படகும் அதற்கு முன் ஒண்ணும் நடக்காமல் போய் வந்த படகுதான். இருபது வயசிலும் முப்பது வயசிலும் நம்மைத் தண்ணீருக்குள் தள்ளுவது பாதி நேரம் அலையே இல்லை, பின்னாலிருந்து வரும் "வாடா மாப்ள!" தான்.

அதனால், இலங்கை ஆசைக்காரர்களுக்கு நான் சொன்ன யோசனை இது. திருகோணமலையில் இறங்கினால் கோணேஸ்வரம் போங்கள். கோட்டை வழியாக ரோட்டிலேயே சுவாமி மலைக்குப் போய்விடலாம். கடலைப் பாறை உச்சியிலிருந்து பார்த்தால் போதும், நெஞ்சு நிறைந்துவிடும். புறாத் தீவு அழகுதான். ஆனால் நிலாவெளியிலிருந்து படகில் போக வேண்டும். அன்றைய கடலையும் ஜாக்கெட்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள். காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலை பக்கம், நல்லூர் தாராளமாகப் போய் வரலாம். நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கு ரோட்டில் நெடுந்தூரம் போய், குறிகட்டுவானில் படகு பிடித்து, திரும்பவும் படகு, திரும்பவும் ரோடு. அம்மன் கோபிக்க மாட்டாள். கப்பல் கேப்டன் கோபிப்பார். அதற்குத் தனியாக ஒரு பயணம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்பதற்கு எந்த ஊரிலும் டிக்கெட் கிடையாது. பதில் பிடிக்கவில்லை என்றால் ஏறாமல் இருக்கவும் கட்டணம் கிடையாது. கட்டிய பணம் போனால், போகட்டும். அடுத்த மாசச் சம்பளத்தில் வந்துவிடும். கூட வந்தவர்கள் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். அந்தக் கிண்டலைக் கேட்பதற்காவது ஆள் முழுசாக ஊர் வந்து சேர வேண்டாமா?