பாலாற்றுப் பக்கம்: தகப்பன் கட்டிய கோவில்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோவில் வாசலில் எப்போது போனாலும் இரண்டு மூன்று வேன்கள் நிற்கும். அதைக் கட்டிய ராஜசிம்மனுக்கு ஒரு தகப்பன் உண்டு, அவரும் கல்லில் ஒரு கோவில் எழுப்பினார் என்று அந்த வேன்களில் வருகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. என் பள்ளித் தோழன் அந்தக் கோவில் இருக்கும் கூரத்துக்காரன். அதனால் எனக்குத் தெரியும். தெரிந்தும் போகவில்லை. "டீ குடிக்கவாவது வாடா" என்று அவன் போனில் அலுத்துக்கொண்ட பிறகுதான் கிளம்பினேன்.

அரக்கோணம் சாலையில் போய்த் திரும்ப வேண்டும். காஞ்சியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். பைக்கில் ஏற்றிக்கொண்டவன் நேரே டீக்கடையில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"அம்மா காத்திருப்பாங்களேடா?"

"அங்க காபிதான். டீன்னா இங்கதான்."

மாஸ்டர் துணி வடிகட்டியிலிருந்து டிகாக்‌ஷனை இறக்கி, ஒரு முழ உயரத்துக்கு ஆற்றி, கிளாஸின் வெளியே வழிந்ததைக் கட்டைவிரலால் ஒரே வழியாக வழித்துவிட்டுத்தான் நீட்டினார். என் தோள்பையைப் பார்த்துவிட்டு, "சாமி பாக்க வந்தீங்களா, கல்லு பாக்க வந்தீங்களா?" என்றார். இந்த ஊருக்கு வருகிறவர்களை இதைவிடச் சுருக்கமாகப் பிரிக்க முடியாது. ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வானைச் சேவிக்க வருகிறவர்கள் ஒரு பக்கம், பல்லவர் கோவிலைத் தேடி வருகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும்தான் என்றேன். "அப்ப இன்னொரு டீ சொல்லுங்க" என்றார்.

முதலில் கல். ராஜசிம்மனின் தகப்பன் முதலாம் பரமேசுவரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டவர். கோவிலுக்கு வித்யாவினீத பல்லவ பரமேசுவர கிருகம் என்று பெயர். பின்பக்கம் வளைந்த தூங்கானை மாட அமைப்பு. பல்லவர்கள் குன்றைக் குடைவதிலிருந்து கல்லை அடுக்கிக் கட்டுவதற்கு மாறிய காலத்தின் தொடக்க முயற்சிகளில் ஒன்று. பழைய மேல்கட்டு இப்போது இல்லை. கைலாசநாதர் கோவிலின் சிற்பக் கூட்டத்தை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். வளைந்த சுவரை ஒட்டி மெதுவாக நடந்தால், மூலை இல்லாத கருவறையைக் கல்லில் கொண்டுவர எவ்வளவு மெனக்கெட்டிருப்பார்கள் என்பது புரியும். நாங்கள் இருந்தவரை வேறு யாரும் வரவில்லை.

கோவிலைவிட எனக்குப் பிடித்தது இதற்காக எழுதிய செப்பேடு. கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். பெருவளநல்லூர்ப் போரில் சாளுக்கிய விக்கிரமாதித்தன் கந்தலைச் சுற்றிக்கொண்டு தனியாக ஓடினான் என்று பெருமையடிக்கும் பகுதி பிரபலம். அரசர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதிக்கொள்வார்கள். அதைவிட, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டிப் பரமேசுவர தடாகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த செய்தி உசத்தி. கொடுத்த ஊரை 25 பங்காக்கி, பூஜைக்கும் பழுதுபார்ப்புக்கும் 3, மண்டபத்தில் தண்ணீருக்கும் நெருப்புக்கும் 1, பாரதம் வாசிப்பதற்கு 1, மீதி 20 வேதம் கற்றவர்களுக்கு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கதை வாசிப்பவனுக்கு நிலத்திலேயே பங்கு! எழுதிப் பிழைக்கிறவனுக்கு வயிறு எரியத்தானே செய்யும்?

மதியம் நண்பனின் வீடு. அவன் அம்மா மோர்க்குழம்பை ஊற்றியபடியே கூரத்தாழ்வான் கதையை ஆரம்பித்தார். நாள் முழுதும் அன்னம் போட்ட மாளிகை. ராத்திரி கதவைச் சாத்தினால் அந்தச் சத்தம் காஞ்சியில் பெருந்தேவித் தாயார் காது வரை கேட்குமாம். அதைக் கேள்விப்பட்ட ஆழ்வான் வெட்கப்பட்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ராமானுஜரிடம் ஸ்ரீரங்கம் புறப்பட்டார். காட்டு வழியில் மனைவி பயந்து நடக்க, மடியில் என்ன இருக்கிறது என்று கேட்டு, அவர் கணவருக்காக எடுத்து வந்த பொன்வட்டிலைத் தூக்கி எறிந்தார். "இப்ப பயம் போச்சுல்ல?" என்று அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார், நானே அதை மறைத்துக் கொண்டுவந்த மாதிரி.

சாயங்காலம் ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் ஆழ்வான் சன்னிதியைச் சேவித்தோம். தை அஸ்தம்தான் அவர் திருநட்சத்திரம். அன்றைக்கு வந்தால் நிற்க இடமிருக்காது என்றான் நண்பன்.

திரும்பும்போது எங்களுக்குள் சண்டை. இந்த ஊரில் கிடைத்த பல்லவர் காலத்துச் செப்பு நடராசர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். காலைக் குறுக்கே வீசாமல் முழங்காலை மேலே தூக்கி ஆடும் கோலம். நடராசரை நாம் பார்த்துப் பழகிய ஆனந்த தாண்டவம் இல்லை. "எங்க ஊர் சாமி, இங்கதான் இருக்கணும்" என்றான். பூட்டும் காவலும் யார் போடுவது என்றேன். "மொதல்ல குடுங்க, அப்புறம் பேசலாம்" என்றான். அவன் பக்கம்தான் நியாயம் அதிகம். எழும்பூரில் நான் அந்தச் சிலை முன் நின்றபோது என் பின்னால் ஒருவரும் கூரம் என்ற பெயரைப் படிக்க நிற்கவில்லை.

அடுத்த வாரம் உத்திரமேரூர்: குடவோலைக் கல்வெட்டு. அவனும் வருகிறான், பெட்ரோல் என் செலவு.