திருச்சி – யாழ்ப்பாணம்: தூரம் எவ்வளவு? நேரம் எவ்வளவு?

திருச்சிக்கு எது பக்கம்? சென்னையா, யாழ்ப்பாணமா? யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் சென்னை என்பார்கள். ஆனால் வரைபடத்தில் அளந்து பார்த்தால் கதையே வேறு. திருச்சி விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 290 கி.மீ. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமோ சுமார் 185 கி.மீ. தான்! நடுவில் கொஞ்சம் கடல், அவ்வளவே.

சரி, இந்த 185 கி.மீ. பறக்க எவ்வளவு நேரம் ஆகும்? இந்தத் தடத்தில் வந்தது ஏ.டி.ஆர். 72 என்ற காற்றாடி விமானம். நடுவானில் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும். வகுத்துப் பார்த்தால் 22 நிமிடம். ஆனால் கால அட்டவணையில் சுமார் ஒரு மணி நேரம் போட்டிருப்பார்கள். ஏமாற்று வேலையா? இல்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பது வரை எல்லாமே அந்தக் கணக்கில் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது... தூரம் குறைவு என்பதற்காக இவையெல்லாம் குறையாது. வணிகவியல் மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இது நிலையான செலவு. உற்பத்தி பத்தோ ஆயிரமோ, கடை வாடகை ஒன்றுதானே!

இன்னொரு வசதியும் உண்டு. 2006-லிருந்து இலங்கை கடிகாரமும் இந்தியக் கடிகாரமும் ஒன்று. புறப்படும் நேரத்தை வந்து சேரும் நேரத்திலிருந்து கழித்தால் போதும்.

ஆனால் உண்மையான தூரக் கணக்கு வரைபடத்தில் இல்லை. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை விட்டபோது, கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. பிறகு போர் வந்தது. பலாலி இராணுவத் தளமானது. யாழ்ப்பாணத்துக்காரர் திருச்சிக்கு வர வேண்டுமென்றால், முதலில் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கவுக்குத் தெற்கே போக வேண்டும். பஸ்ஸில் ஒரு ராத்திரி. அங்கிருந்து விமானம் ஏறி மறுபடி வடக்கே 400 கி.மீ.க்கு மேல். மொத்தம் 750 கி.மீ.யைத் தாண்டும். பக்கத்து ஊருக்கு நான்கு மடங்கு தூரம்!

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் வந்தது. நான்கே மாதத்தில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. திருச்சி – யாழ்ப்பாணம் நேரடிச் சேவையை இண்டிகோ 2025 மார்ச் 30-ல் ஆரம்பித்தது.

இதற்காக யாரும் அதிவேக விமானம் கண்டுபிடிக்கவில்லை. பழைய வகைக் காற்றாடி விமானம்தான். மூடியிருந்த கதவு திறந்தது, அவ்வளவுதான். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறவருக்கும், தாய்மாமன் சாவுக்கு ஓடி வருகிறவருக்கும் அந்த 22 நிமிடம் ஒரு மணி நேரமாவது பெரிய விஷயமே இல்லை. கொழும்பு பஸ்ஸில் போகும் அந்த ஒரு ராத்திரி மிச்சமாவதுதான் விஷயம்.

ஆகவே இரண்டு ஊருக்கு இடையே தூரம் எவ்வளவு என்று யாராவது கேட்டால், கி.மீ. சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: நேர்வழி திறந்திருக்கிறதா?