கடற்சாமந்தியின் புதுக் குடித்தனம்

பெயரைக் கேட்டு நாம் ஏமாந்து போகும் பிராணிகளில் கடற்சாமந்தியும் ஒன்று. இங்கிலீஷ்காரர்கள் அதற்கு அனிமோன் என்ற பூவின் பெயரை வைத்தார்கள். நாம் சாமந்தியின் பெயரை வைத்தோம். ஆனால் அது பூவும் அன்று, செடியும் அன்று. மீனையும் இறாலையும் பிடித்துத் தின்னும் பிராணி அது. இதைச் செடியோடு சேர்ப்பதா, மிருகங்களோடு சேர்ப்பதா என்று அரிஸ்டாட்டிலே திகைத்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி வைத்தார்.

அதன் உடம்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாறையைப் பற்றிக்கொள்ள ஒரு பாதம். அதற்கு மேல் ஒரு குழாய். குழாயின் உச்சியில் ஒரே ஒரு வாய். வாயைச் சுற்றி விரல்கள். சாப்பிடுவதும் கழிவை வெளியேற்றுவதும் அந்த ஒரே வாயினால்தான். மூளை கிடையாது, கண் கிடையாது, எலும்பு கிடையாது. ஆனால் ஒவ்வொரு விரலிலும் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் உயிரணுக்கள் ஏராளம். ஏதாவது பட்ட மாத்திரத்தில், கண் இமைக்கும் நேரத்துக்குள், அவை விஷ நூலை எறிந்துவிடும்.

இப்படிப்பட்ட ஒரு ஜீவனை வீட்டுக்கு அழைத்து வருவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு படும் பாடு போதாதா என்று என் மனைவியும் அதையேதான் கேட்டாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் முந்நூறு லிட்டர் கடல் ஜலம் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு ஜோடி கோமாளி மீன்கள் வாசம் செய்கின்றன. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இந்த மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை வகுத்திருக்கிறார்கள். என்னுடையவையும் அப்படித் தொட்டியில் பிறந்தவையே. கடலை அவை கண்டதில்லை. தொட்டியில் இருக்கும் பாறைகள் சிமெண்டினால் செய்து, பல வாரம் ஜலத்தில் ஊற வைத்தவை. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் பவழங்களைச் சேர்த்துவிட்டார்கள். ஆகையால் பவழம் இல்லாத பவழப்பாறை என்னுடையது.

கோமாளி மீனுக்குக் கடலில் வீடு என்பது கடற்சாமந்திதான். மற்ற மீன்களைக் கொட்டிக் கொல்லும் விரல்களுக்கு நடுவில் அது ஆனந்தமாய்ப் புரளும். ஆயிரத்துக்கு மேற்பட்ட கடற்சாமந்தி இனங்களில் சுமார் பத்து மட்டுமே அதற்கு இப்படி இடங்கொடுக்கின்றன. அந்தப் பத்தில் ஒன்று, விரல் நுனியில் குமிழ் போல் உப்பிக்கொள்ளும் இனம். அது தொட்டியில் நன்றாக வளர்ந்தால் நடுவில் கிழிந்து இரண்டாகிவிடும். இரண்டும் முழு உயிராக வாழும். என் நண்பர் ஒருவருடைய தொட்டியில் அப்படி இரண்டானபோது, கடலிலிருந்து பறிக்காத ஒரு சாமந்தி கிடைக்கிறதே என்று நான் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆனால் வாங்கிக்கொள்வதற்கு முன் ஒரு வருஷம் காத்திருந்தேன். புதிய தொட்டியில் கடற்சாமந்தி பிழைப்பது அரிது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் பிறக்கிறது. அதை வேறு பொருளாக மாற்றும் நுண்கிருமிகள் பாறையிலும் மணலிலும் குடியேற வேண்டும். அவை நிலைபெறப் பல மாதங்கள் ஆகும். ஜலத்தின் உப்பு லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம், உஷ்ணம் 26 டிகிரி என்ற கணக்கு, நாளுக்கு நாள் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். சென்னையின் சித்திரை வெயிலில் அது எளிதன்று; குளிரூட்டும் யந்திரம் ஒன்று வைக்க வேண்டியிருந்தது. ஜலத்தைச் சுழற்றும் பம்புகளின் வாய்க்கெல்லாம் கடற்பஞ்சுத் துண்டுகளால் உறை போட்டேன். இடம் பிடிக்காமல் அலையும் சாமந்தி பம்பில் சிக்கி அரைபட்டு, தானும் மடிந்து தொட்டியையும் விஷமாக்குவது அடிக்கடி நடக்கும் விபத்து.

வந்த தினத்தில், அது இருந்த வாளியை விளக்கில்லாத மூலையில் வைத்து, எங்கள் தொட்டி ஜலத்தை மெல்லிய குழாய் வழியாக வினாடிக்கு இரண்டு மூன்று சொட்டாக விட்டேன். இரண்டு ஜலத்துக்கும் உப்பில் சிறு வித்தியாசம் இருந்தாலும், எலும்பில்லாத அந்த உடம்பு அதைத் தாங்காது. ஒன்றரை மணி நேரம் சென்ற பிறகு, பாதத்தில் கிழிசல் இல்லை என்று பார்த்து, ஒரு பாறைப் பிளவின் அருகில் மெதுவாக விட்டேன். பம்புகளை நிறுத்தி, விளக்கின் ஒளியைப் பாதியாகக் குறைத்தேன். அதன் சதைக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. அவை வெளிச்சத்தைக் கொண்டு சமைக்கும் சர்க்கரைதான் அதற்குப் பெரும்பகுதி ஆகாரம். ஆகவே வெளிச்சம் இல்லாமலும் முடியாது. பழகாத வெளிச்சத்தைத் திடீரென்று பாய்ச்சவும் கூடாது. ஒரு மணி நேரத்தில் பாதம் பாறையைப் பிடித்தது. வீட்டில் எல்லோருக்கும் பரம சந்தோஷம்.

மறுநாள் காலையில் அந்த இடத்தில் அதைக் காணோம்! பாறைக்குப் பின்னால் இருட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த நாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஊர்ந்தது. மூன்றாம் நாள் மாலையில் விரல்களெல்லாம் சுருங்கி, நனைந்த கந்தைத் துணி போல் ஆகி, வாயிலிருந்து பழுப்பு நிறத்தில் ஏதோ நூல் நூலாக விட்டது.

"அப்பா, செத்துப் போய்விட்டதா?" என்று கேட்டாள் என் பெண்.

அது குழந்தையின் கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் தெரியாமல் அன்றிரவு படுக்க முடியாது. செத்த சாமந்தியை ஓர் இரவு தொட்டியில் விட்டுவைத்தால், காலையில் மீன்களும் மிதக்கும். உயிரோடிருக்கும் சாமந்தியைப் பிடித்து இழுத்தாலோ பாதம் கிழியும். கிழிந்தால் அதுவே அதற்கு எமன். நண்பருக்கு டெலிபோன் செய்தேன். "எடுத்து வேறு பாறையில் வைத்துப் பாருங்கள்" என்றார் அவர். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த என் தாயார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா, வந்து மூன்று நாள் ஆகவில்லை, எல்லோருமாகச் சுற்றி நின்று அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், எந்த ஜீவன்தான் காலூன்றும்? சற்று விட்டுத்தான் பாரேன்!" என்றாள்.

விட்டுவிடலாமா என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. வாய் பிளந்து உள்ளுறுப்பு வெளியே தொங்குகிறதா? பாதம் பிடியை விட்டுவிட்டதா? ஜலத்தில் அழுகல் நாற்றம் வருகிறதா? மூன்றும் இருந்தால் உடனே அப்புறப்படுத்த வேண்டியதுதான். நான் பார்த்தபோது வாய் இறுக மூடியிருந்தது, பாதம் கண்ணாடியை விடவில்லை, நாற்றம் இல்லை. பழைய ஜலத்தையும் கழிவையும் வெளியேற்றிவிட்டுப் புது ஜலம் நிரப்பிக்கொள்ள அது இப்படிச் சுருங்குவது வழக்கந்தான். கையைத் தொட்டிக்குள் விடாமல், இரவு இரண்டு மணிக்கு ஒரு முறையும் ஐந்து மணிக்கு ஒரு முறையும் எழுந்து பார்ப்பது என்று தீர்மானித்தேன். ஐந்து மணிக்குப் பார்த்தபோது அது பாதி விரிந்திருந்தது.

அதன் பிறகும் ஐந்து நாள் அலைந்தது. ஒன்பதாம் நாள், நான் மனத்தில் குறித்து வைத்திருந்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், ஆழமான ஒரு துவாரத்துக்குள் பாதத்தைச் செருகிக்கொண்டு நின்றது. அங்கே ஜலத்தின் ஓட்டம் மிதமாயிருந்தது. மேலே வெளிச்சமும் இருந்தது. பயம் வந்தால் உள்ளே இழுத்துக்கொள்ள இடமும் இருந்தது. யோசித்துப் பார்த்தால் தொட்டியில் அதைவிட நல்ல இடம் வேறில்லை. பிறகுதான் விளக்கின் ஒளியை நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டினேன். சுண்டுவிரல் நகம் அளவு இறால் துண்டு ஒன்றைக் கொடுத்தேன். விரல்கள் அதைப் பற்றி மெல்ல வாய்க்குக் கொண்டு போயின.

ஜூன் மாதம் புதிதாகச் சேரும் பிள்ளைகளில் சிலர் இப்படித்தான் பெஞ்சுக்குப் பெஞ்சு மாறுவார்கள், பேச்சும் இராது. இருபது வருஷமாக இதைப் பார்த்துவருகிறேன். அவர்களை முன் பெஞ்சுக்கு இழுத்து உட்கார வைப்பதால் பயன் கண்டதில்லை. வகுப்பு மட்டும் தினந்தோறும் ஒரே மாதிரி நடந்தால், பெரும்பாலோர் தாமே ஓர் இடம் கண்டுகொள்கிறார்கள்.

மீன்களும் அவசரப்படவில்லை. தொட்டியில் பிறந்தவையாதலால் சாமந்தி இன்னதென்றே அவற்றுக்குத் தெரியாது. மூன்று வாரம் தூரத்திலேயே சுற்றின. ஒரு நாள் பெண் மீன் வாலை மட்டும் உரசிப் பார்த்தது. பிறகு விலாவை உரசியது. இப்படிச் சிறிது சிறிதாக உரசித்தான் இந்த மீன்கள் விரல்களின் விஷத்துக்குப் பழகிக்கொள்கின்றன. இப்போது இரவில் இரண்டும் அதற்குள்ளேதான் தூங்குகின்றன.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். 1828-ல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஸர் ஜான் டாலியெல் என்பவர் ஒரு சிறு சாமந்தியை எடுத்து எடின்பரோவில் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார். அவர் 1851-ல் காலமானார், சாமந்தி காலமாகவில்லை. 'பாட்டி' என்று பெயர் பெற்று, ஒருவருக்குப் பின் ஒருவராகக் கைமாறி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஈன்று, 1887-ல்தான் அது இறந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை அரைச் சிப்பி இறைச்சியும், தவறாமல் மாற்றிய கடல் ஜலமுந்தான் அதற்குச் செய்த உபசாரம்.

இதைப் படித்த பிறகு, நாய் பூனை வளர்ப்பது போல் இதை எண்ண என்னால் முடியவில்லை. குமிழ் நுனிச் சாமந்தி எங்கள் கூடத்தில் எத்தனை வருஷம் இருக்குமோ, என்னைவிட அதிகமாக இருந்தாலும் இருக்கலாம். ஆகவே உப்பு அளக்கும் கருவியைப் பார்க்கவும், வாரந்தோறும் ஜலம் மாற்றவும் என் பெண்ணுக்கு இப்போதே கற்றுக்கொடுத்து வருகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை என் துணையில்லாமல் அவளே எல்லாம் செய்து முடித்து, நோட்டுப் புத்தகத்தில் தேதியும் உப்பும் உஷ்ணமும் எழுதி வைத்தாள். கடைசியில், "விரிந்திருக்கிறது" என்றும் ஒரு வார்த்தை எழுதியிருந்தாள்.